மீட்டர் பொய் சொன்னால் யார் வீட்டில் அடுப்பு அணைகிறது?

(ஓகளிபுரத்தில் ஞாயிறு மாலை நடந்த நம் சங்கக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ரயில்வே கிளார்க்குக்கும் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயம்தான். நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் இருபது வருடமாகப் பார்சல் ஆபீசில் எடை மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முள் பொய் சொன்னால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், கடைசியில் யார் மேல் பழி விழும் என்ற மூன்றும் எனக்குத் தெரியும். இன்று பேசப்போவது அந்த முள்ளைப் பற்றித்தான். எடை மேடையில் இருந்த முள் இப்போது காரின் டேஷ்போர்டுக்குள் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனர் மகன் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவன். ஐந்து வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டினான். போன வருடம், சொந்த வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டான். பெண்டாட்டி நகையை அடகு வைத்து 1,20,000 ரூபாய் புரட்டினான். மிச்சம் 3,00,000 கடன். மாதத் தவணை பத்தாயிரத்துக்குக் கிட்டே. வாங்கியது பழைய டீசல் கார். "மாமா, மீட்டரில் 61,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது, வண்டி புதுசு மாதிரி இருக்கிறது" என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்த என்னையும் கூப்பிட்டான். நானும் போய் எலுமிச்சம்பழம் வைத்து வந்தேன்.

நான்கு மாதம் இரவு பகலாக ஓட்டினான். ஒருநாள் ஓசூர் ரோட்டில், சந்தாபுரம் தாண்டி, வண்டி சடாரென்று நின்றது. டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதும். வால்வுகள் வளைந்து போயின. எஞ்சினை முழுவதும் இறக்க வேண்டியதாயிற்று. 85,000 ரூபாய் செலவு, இரண்டு மாதம் வருமானம் இல்லை. தவணை மட்டும் நிற்குமா?

பெல்ட்டை மாற்ற வேண்டிய கணக்கு 1,00,000 கிலோமீட்டர். மீட்டரில் 79,000 தானே, இன்னும் நாள் இருக்கிறதே என்று அவன் நம்பியிருந்தான். பிறகு அந்த வண்டியின் பழைய சர்வீஸ் பதிவைத் தேடிப் பார்த்தோம். இரண்டு வருடத்துக்கு முன்பே அது 1,39,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி! விற்பதற்கு முன்னால் யாரோ எண்ணைக் குறைத்திருக்கிறார்கள்.

யார் என்று விசாரித்தோம். தோழர்களே, இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. குறைத்த கை நம் கைதான். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் பிள்ளை. பட்டறையில் வேலை செய்கிறான், கெட்டிக்காரன். அவன் லேப்டாப் வாங்கச் சங்க நிதியிலிருந்து 15,000 கடன் கொடுக்கலாம் என்று இதே இடத்தில் கை தூக்கியவன் நான். நேரில் போய்க் கேட்டேன். தலை குனிந்து நின்று சொன்னான்: "பெரியப்பா, வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, இவ்வளவு குறை என்பார்கள். எனக்கு 700 ரூபாய் கிடைக்கும். வண்டி யாருக்குப் போகிறது என்று எனக்கு என்ன தெரியும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு. அவன் பெயரை நான் சொல்ல மாட்டேன். "நீங்கள் பேசுங்கள் பெரியப்பா" என்று அவனே சொன்ன பிறகுதான் மேடை ஏறினேன்.

தோழர்களே, நம் பழைய தலைமுறைக்கு ஆடுகோடி மைக்கோ தொழிற்சாலையைத் தெரியும். 1951-ல் ஆரம்பித்த கம்பெனி. இன்று பாஷ் என்ற பெயரில் இருக்கிறது. டீசல் பம்பு, ஸ்பார்க் பிளக் செய்த இடம். எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. அந்தக் காலத்துப் பம்பில் ஒரு திருகு இருக்கும், அதற்கு ஈய முத்திரை போட்டிருப்பார்கள். முத்திரையை உடைத்துத் திருகைத் திருப்பினால் டீசல் கூடுதலாகப் பாயும், லாரி கரும்புகை கக்கிக்கொண்டு மேடு ஏறும். உடைத்தது பார்த்தவுடன் தெரியும். இன்று திருகு இல்லை. அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. மெக்கானிக்குகள் ஈசிஎம் என்கிறார்கள். எவ்வளவு காற்று வருகிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்று உணரிகள் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. எத்தனை துளி டீசல், எந்த நொடியில் என்பதை உள்ளே இருக்கும் எண் அட்டவணையைப் பார்த்து அது முடிவு செய்கிறது. அந்த அட்டவணையை மாற்றுவதுதான் 'ரீமேப்' என்பது. திருகைத் திருப்பிய அதே வேலை. ஆனால் உடைந்த முத்திரை இப்போது கண்ணுக்குத் தெரியாது.

தம்பிகள் கேட்பார்கள்: "அண்ணே, பிக்கப் கூடுகிறதே, என்ன தப்பு?" கூடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. டீசலையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டினால் இழுவை கூடத்தான் செய்யும். ஆனால் பிஸ்டனும் கிளட்சும் டர்போவும் பழைய கணக்குக்குச் செய்த இரும்புதானே? சூடு ஏறும், கிளட்ச் வழுக்கும், டர்போ போகும். எண்ணை மாற்ற ஒரு மணி நேரம் போதும், இரும்பை யார் மாற்றுவது?

இன்னொரு வேலை நடக்கிறது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் பி.எஸ்.-6 வண்டிதான் விற்க வேண்டும் என்று விதி. அந்த டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். அப்படி எரிய, வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து போகிற வண்டியில் எங்கே எரியும்? கரி அடைத்து விளக்கு எரிகிறது. டிரைவர் பயந்து பட்டறைக்கு வருகிறான். "வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அது இருப்பதாக நினைத்துக்கொள்ளும்படி கம்ப்யூட்டரை மாற்றிவிடலாம்" என்கிறார்கள்.

விளக்கு அணைந்துவிடும், கரி எங்கே போகும்? சந்திப்பில் பூ விற்கும் அம்மாளின் நெஞ்சுக்குள் போகும். ரோடு கூட்டும் நம் பெண்களின் நெஞ்சுக்குள் போகும். அவர்கள் பேசும் பாஷை கன்னடமா தமிழா என்று புகை பார்க்காது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. அந்த விளக்கு முதன்முதலில் எரியும்போது பெரும்பாலும் வழி எளிது. வண்டியோடு வந்த புத்தகத்தில் சொல்லியபடி, நெடுஞ்சாலையில் பதினைந்து, இருபது நிமிடம் சீராக ஓட்டினால் கரி எரிந்துவிடும். அது தெரியாததால் ஆயிரக்கணக்கில் கொடுத்துக் குற்றவாளி ஆகிறோம்.

தோழர்களே, இப்படி ஏமாற்றுவதைப் பட்டறைப் பையன்களா கண்டுபிடித்தார்கள்? இல்லை. கோட்டு சூட்டுப் போட்டவர்கள் செய்தார்கள். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி தன் டீசல் கார்களுக்குள் ஒரு தந்திரத்தை எழுதி வைத்தது. வண்டி சோதனைச் சாலையில் நிற்கிறதா, ரோட்டில் ஓடுகிறதா என்று அந்தக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். சோதனையில் யோக்கியமாக இருக்கும், ரோட்டில் நச்சுப் புகை விடும். அமெரிக்க அளவுகோலைப் போல 40 மடங்கு வரை விட்டது! 2015 செப்டம்பரில் இது உலகத்துக்கே தெரிந்தது. சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்தத் தந்திரம் இருந்தது. இந்தியாவில் மட்டும் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்த டிசம்பரில் அறிவித்தார்கள். 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று அந்த மே மாதத்தில் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

இதைக் கண்டுபிடிக்க வழி காட்டியவர்கள் யார்? அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர். காரின் பின்னால் அளவுக் கருவியைக் கட்டிக்கொண்டு 2013-ல் கலிபோர்னியா ரோடுகளில் ஓட்டினார்கள். ஒருவர் மார்க் பெஷ். இன்னொருவர் அரவிந்த் திருவேங்கடம், நம் சென்னைப் பிள்ளை. மூன்றாமவர் ஹேமந்த் கப்பண்ணா, இதே பெங்களூர்ப் பிள்ளை. தமிழனும் கன்னடனும் சேர்ந்து உட்கார்ந்து உலகத்தின் பெரிய பொய்யை அளந்து காட்டினார்கள்! நம்மை மோதவிட நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அந்த ஹேமந்தின் கதையையும் கேளுங்கள். பிறகு அவர் வேலை பார்த்த வேறொரு பெரிய கார் கம்பெனி, 2019-ல் ஆட்குறைப்பு என்று சொல்லி அவரையும் வீட்டுக்கு அனுப்பியது. அவர் பெங்களூருக்குத் திரும்பி வந்தார்.

பழி யார் மேல் விழுந்தது? 2015 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால், அந்தக் கம்பெனியின் அமெரிக்கத் தலைவர், இது ஓரிரு சாப்ட்வேர் என்ஜினீயர்கள் செய்த வேலை என்று கை காட்டினார். ஜேம்ஸ் லியாங் என்ற என்ஜினீயருக்கு 2017-ல் 40 மாதச் சிறை. பிறகு மேலே இருந்த சிலரும் மாட்டினார்கள், அது வேறு. முதல் விரல் கீழே இருந்தவனைத்தான் காட்டியது. என்ஜினீயருக்கே இந்தக் கதி என்றால், பட்டறையில் 700 ரூபாய்க்கு லேப்டாப்பைச் சொருகுகிற தம்பிக்கு என்ன கதி?

என் துறையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2023 ஜூன் 2-ஆம் தேதி, ஒடிசாவில் பாஹாநகா பஜார் ஸ்டேஷன். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தவறான தடத்தில் புகுந்து நின்றிருந்த கூட்ஸ் மீது மோதியது. புரண்ட பெட்டிகள் நம் பெங்களூரிலிருந்து கிளம்பிய ஹௌரா எக்ஸ்பிரஸ் மீது மோதின. 290-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் பிழைக்கப் போனவர்கள்! ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்துச் சொன்ன காரணம் என்ன? சிக்னல் சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் தடுப்பு வேலைக்காக அன்று செய்த மாற்றத்திலும் ஏற்பட்ட கோளாறு. ஒரு கம்பி இடம் மாறியதால் சிக்னல் பச்சை என்றது, தண்டவாளம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அடுத்த மாதமே சி.பி.ஐ. ரயில்வே ஊழியர் மூன்று பேரைக் கைது செய்தது.

விளக்கு ஒன்று சொல்லி, நிலைமை வேறாக இருந்தால் அதுதான் சாவு. டேஷ்போர்டு விளக்கும் சிக்னல் விளக்குதான். ஏர்பேக் விளக்கு எரிகிறதா, ஏன் என்று பார்க்காமல் அதை அணைத்துக் கொடுப்பது, பச்சையைக் காட்டி ரயிலைச் சாவுக்கு அனுப்புவதற்குச் சமம். சீட் பெல்ட் போடச் சொல்லிக் கத்தும் சத்தத்தை அடக்க ஒரு கிளிப் விற்றார்களே, 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டு, 13,000-க்கும் மேற்பட்ட விளம்பரங்களை எடுக்க வைத்தது. சத்தத்தை அடக்கினால் ஆபத்து அடங்குமா?

புதுப் பெரிய ஸ்கிரீன் மாட்டும் மோகம் ஒன்று இருக்கிறது. பாட்டுக் கேட்கட்டும், வழி பார்க்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிரேக், எஞ்சின், ஏர்பேக், ஸ்கிரீன் எல்லாம் தனித்தனி தீவு அல்ல. 'கேன்' என்னும் கம்பி வலை வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. 2015-ல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இருவர், ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றின் ஸ்கிரீன் வழியாகவே வெகு தூரத்திலிருந்து உள்ளே நுழைந்து எஞ்சினை அடக்கிக் காட்டினார்கள். ஓட்டியவர் சம்மதித்துச் செய்த சோதனைதான். ஆனால் கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. கம்பெனி ஸ்கிரீனுக்கே இந்த நிலை. யார் செய்தது என்று தெரியாத ஸ்கிரீனை வாங்கி, ஒயரை நறுக்கி, டேப் சுற்றி வைத்தால் கேட்க வேண்டுமா? ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தும் சேர்ந்து வரும்.

வாடகை வண்டி ஓட்டும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு ஒரு நடை கூடுதலாக அடிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். நடை கட்டணம் குறைந்தால் நடை கூட வேண்டியிருக்கிறது. ஆனால் விபத்து நடந்தால் அந்த ஒரு நடையின் காசு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வருமா? கட்டணத்துக்காகப் போராடுவோம், சங்கம் உங்கள் பக்கம் நிற்கும். உயிரை வைத்துக் கட்டணத்தை ஈடுகட்ட வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ள விவரம் பொய்யாகும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கிலோமீட்டரைக் குறைத்து விற்றால் அது ஏமாற்றுக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு. விற்றவனோடு குறைத்துக் கொடுத்தவனும் வழக்கில் சேருவான். இன்சூரன்ஸ்காரருக்கும், வண்டியை மாற்றியிருக்கிறீர்கள் என்று நஷ்ட ஈட்டை மறுக்க ஒரு சாக்கு கிடைக்கும்.

ஆனால் தோழர்களே, இதோடு நிறுத்தினால் நான் முதலாளி பாட்டுப் பாடியவன் ஆவேன். "வண்டியைத் தொடாதே, எங்களிடமே கொண்டு வா" என்று கம்பெனிகள் சொல்கின்றனவே, அதற்கும் நாம் தலையாட்ட வேண்டியதில்லை. உதிரி பாகத்தையும், கோளாறு பார்க்கும் கருவியையும், விவரப் புத்தகத்தையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீடு, வழக்கு என்று இழுத்தன. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதில் எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. பழுது பார்ப்பது நம் பிள்ளைகளின் உரிமை, அவர்கள் பிழைப்பு. பழுதை மறைப்பது உரிமை அல்ல. விளக்கு ஏன் எரிகிறது என்று ஸ்கேனர் வைத்துப் பார்ப்பது தொழில். விளக்கை எரியவிடாமல் செய்வது துரோகம். இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொண்டால்தான், ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று உரிமை கேட்க முடியும்.

ஆகவே நான்கு காரியங்களைக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று: நம் சங்கத்தைச் சேர்ந்த எந்தப் பட்டறைத் தொழிலாளியும் கிலோமீட்டரைக் குறைப்பதில்லை, புகை வடிகட்டியை ஏமாற்றுவதில்லை, எச்சரிக்கை விளக்கை மறைப்பதில்லை. மறுத்ததற்காக வேலை போனால், வேறு வேலை கிடைக்கும்வரை அந்தக் குடும்பத்தைச் சங்கம் தாங்க வேண்டும். தாங்க முடியாத சங்கம் உபதேசம் செய்யக்கூடாது.

இரண்டு: வாய் வார்த்தையில் வேலை எடுக்காதீர்கள். வண்டி எண், மீட்டரில் உள்ள கிலோமீட்டர், சொன்ன வேலை, சொன்னவர் கையெழுத்து எல்லாம் ஒரு சீட்டில் இருக்கட்டும். பார்சல் ஆபீசில் இருபது வருடம் என்னைக் காப்பாற்றியது சீட்டுதான்.

மூன்று: பழைய வண்டி வாங்குகிறவர்கள் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். வண்டி எண்ணைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். பழைய இன்சூரன்ஸ், புகைச் சான்று, எஃப்.சி. காகிதங்களைப் பாருங்கள். பெடல் ரப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். 40,000 ஓடிய வண்டிக்குப் பெடல் வழவழவென்று தேயாது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். மஞ்சள் போர்டாக ஓடி வெள்ளையாக மாறிய வண்டியா என்று ஆர்.சி. விவரத்தில் பாருங்கள். சாவி போட்டவுடன் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கண்ணைக் கட்டியிருக்கிறார்கள்.

நான்கு: மாதத்தின் முதல் ஞாயிறு காலை, நம் சங்க வாசலில், வண்டி வாங்கப் போகும் உறுப்பினர்களுக்கு ஸ்கேனர் வைத்துப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு. பல வண்டிகளில் மீட்டரைத் தவிர வேறு பெட்டிகளிலும் கிலோமீட்டர் பதிந்திருக்கும். மீட்டரைக் குறைத்தவர்கள் அதைக் குறைக்க மறந்திருப்பார்கள். இதை யார் பார்ப்பது? அந்தத் தம்பிதான். சங்கக் கடனில் வாங்கிய அதே லேப்டாப்பில், காசு வாங்காமல், 15,000 ரூபாய்க்கு ஈடாகும்வரை பார்த்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். முதல் வண்டியாக என் மைத்துனர் மகன் வண்டியைத்தான் பார்த்தான். இருவரும் ஒரே டீயைப் பாதியாக்கிக் குடித்ததை நான் பார்த்தேன். கணக்கு இன்னும் தீரவில்லை, தெரியும். 85,000 ரூபாய் டீயில் கரைந்துவிடாது. ஆனாலும் பேசிக்கொள்கிறார்கள்.

"வண்டி யாருக்குப் போகிறது என்று எனக்கு என்ன தெரியும்" என்று கேட்டானே, அதற்குப் பதில் இதுதான். வேறு யாருக்கும் இல்லை தம்பி, நமக்குத்தான் வருகிறது. புது வண்டி வாங்க வசதியுள்ளவனிடம் குறைத்த மீட்டர் போவதில்லை. நகையை அடகு வைத்தவனிடம்தான் போகிறது.

இந்த நான்கையும் கூட்டம் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.